வீட்டிலா, டவுன் வேனா, ஊர்ப் பள்ளியா? மலையில் இருப்பவர்கள் ஜூனுக்கு முன்னால் யோசிக்க வேண்டியவை

ஜூன் மாதம் ஐந்து வயது நிறையும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஏப்ரலிலேயே தூக்கம் போய்விடும். பக்கத்துச் சரிவில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், தேயிலை எடை போடும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க பாப்பாவை வீட்டுலயே வெச்சு சொல்லிக் குடுத்தீங்களாமே, நானும் அப்படியே பண்ணிடவா?" என்று கேட்டாள். இதே கேள்வியைக் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலும் உறவுக்காரர் கல்யாணத்திலும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நீலகிரியில், கோத்தகிரியிலிருந்து கீழ்க்கோத்தகிரி போகும் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. கணவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். கேரட்டும் பீட்ரூட்டும் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவிடுவார். மகளை 2020 முதல் 2023 வரை மூன்று வருடம் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தேன். மகன் ஒரு வருடம் வேனில் டவுன் பள்ளிக்குப் போய் யூகேஜி படித்தான், அப்புறம் ஒரு வருடம் வீட்டில் இருந்தான். இப்போது இருவரும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். மூன்று வழியிலும் நடந்து பார்த்த அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

எதை வைத்து அளப்பது

எந்தப் பாடத்திட்டம், எந்த மீடியம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அது நாலாவது, ஐந்தாவது கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, பகல் முழுக்கப் பிள்ளையோடு இருக்கப் போகிற பெரியவர் யார்? அவருடைய வேலை, வருமானம், உடம்பு, மனசு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இரண்டாவது, சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளை யாரோடு விளையாடும்? சமவெளித் தெருவில் இதை யாரும் கேட்க வேண்டியதில்லை. இங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு தேயிலைக்காடே இருக்கும். மூன்றாவது, பாதை: எத்தனை கொண்டை ஊசி வளைவு, எந்த மாதம் மழை, எந்த நேரத்தில் கரடியும் காட்டெருமையும் நடமாடும். நாலாவது பணம், அதிலும் ரசீதில் வராத பணம். ஐந்தாவது காகிதம், அதாவது நாளைக்குப் பிள்ளை எந்த வாசல் வழியாகத் திரும்பப் பள்ளிக்குள் போக முடியும் என்பது.

வீட்டிலேயே படிக்க வைப்பது

நாங்கள் திட்டம் போட்டு இதில் இறங்கவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்குள் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தாள், எனக்கும் தைரியம் வந்திருந்தது. சரி, இப்படியே போகட்டும் என்று விட்டோம்.

உண்மையில் பாடம் நடந்தது காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரைதான். அந்த வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் என்று உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்தில் எவ்வளவோ முடிகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுக்குப் போய் இறக்கிக்கொண்டு வந்து, டவுனுக்குப் போகும்போது பிரிண்ட் எடுப்பேன்.

மீதிப் பொழுதெல்லாம் வெளியேதான். கணக்கை அவள் கற்றது இலை எடை போடும் இடத்தில். ஒரு நாள் மாமியார் பறித்த இலை 23 கிலோ வந்தது. மழையில் நனைந்த இலை என்று இரண்டு கிலோ கழித்தார்கள். விலை கிலோ 18 ரூபாய். ஏஜெண்ட் கால்குலேட்டரை எடுப்பதற்குள் மகள், "இருபது கிலோவுக்கு முந்நூத்தி அறுபது, இன்னும் ஒரு பதினெட்டு, முந்நூத்தி எழுபத்தெட்டு" என்றாள். அப்போது அவளுக்கு ஆறரை வயது. வாய்பாட்டை ஒப்பித்து வந்த கணக்கு இல்லை அது. அப்பாயியின் கூலி சரியாக வருகிறதா என்று பார்க்கத் தேவைப்பட்ட கணக்கு. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும் என்று கேட்டதும் வகுத்தல் அவளாகவே கற்றுக்கொண்டாள். வீட்டுக்கல்வியின் நல்ல பக்கத்தைச் சொல்லச் சொன்னால் இந்த ஒரு சாயங்காலத்தைத்தான் சொல்வேன்.

இனி ரசீதில் வராத செலவு. நான் பி.காம். படித்தவள். வீட்டில் சொல்லித்தர உட்காருவதற்கு முன்பு டவுனில் ஒரு மளிகைக் கடைக்குக் கணக்கு எழுதி மாதம் 9,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்துக்கு அது போனது. "ஹோம் ஸ்கூலிங்குக்குச் செலவே இல்லை" என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் ஒரு பெண்ணின் சம்பளத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது மழை. எங்கள் பக்கம் கனமழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபர், நவம்பர் மாதங்களில். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நினைவு இங்கே எல்லா வீட்டிலும் இருப்பதால், மழை வலுத்தால் யாரும் பிள்ளையை வெளியே விடமாட்டார்கள். கரண்ட் இல்லாமல், நனைந்த துணி வீடு முழுக்கத் தொங்க, இரண்டு பிள்ளைகளோடு நாலு நாள் அடைந்து கிடந்தபோது, எழுத மாட்டேன் என்று அடம்பிடித்த மகளை அடித்துவிட்டேன். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். டீச்சரிடம் அடி வாங்கினால் பிள்ளை அம்மாவிடம் ஓடி வரும். அம்மாவே டீச்சர் என்றால் யாரிடம் ஓடும்? அன்றைக்கு எழுந்த இந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மாமியார் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் அவர்களுடையது. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்து, பத்து வயதில் கூடை தூக்கியவர். "நாங்கதான் பள்ளிக்கூட வாசலை மிதிக்க முடியாமப் போச்சு. நீ மிதிக்க முடிஞ்ச பிள்ளைய வீட்டுல வெச்சிருக்கியே தாயி" என்றார். கோபமே இல்லாமல் சொன்னதால் கூடுதலாக வலித்தது. பள்ளிக்கூடம் கிடைக்காமல் போன தலைமுறை கூடவே இருக்கும் வீட்டில், அதை வேண்டாம் என்று சொல்வது சாதாரண விஷயம் இல்லை.

எல்லாவற்றையும் விட என் மனதை மாற்றியது கூட்டாளி விஷயம். எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. நாலு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் கம்பளிச் சட்டையோடு அந்த வழியாகத்தான் திரும்புவார்கள். ஒரு நாள் அதில் ஒரு பெண்பிள்ளை மேலே பார்த்துக் கையசைத்தாள். மறுநாள் என் மகள் மூன்று மணிக்கே தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடியில் போய் நின்றாள். ஒரு மணி நேரம் நின்றாள். அதற்கு அடுத்த நாளும் நின்றாள்.

சட்டம், காகிதம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை பொருந்தும். வீட்டுக்கல்வி என்று ஒரு ஏற்பாட்டை அது பேசவில்லை, பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை. ஆனால் கோடையில் பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்கு வரும் டீச்சரின் பட்டியலில் உங்கள் பிள்ளை பெயரும் ஏறும். எங்கள் வீட்டுக்கு வந்தவர், "ஏம்மா, பாப்பா நல்லாப் படிக்குதே, பேரு மட்டும் எங்கயும் இல்லையே" என்றார். மிரட்டவில்லை. நான்தான் பயந்தேன்.

திரும்பிப் போகும் வாசல் திறந்தே இருக்கிறது. அதே சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், டி.சி. இல்லை என்று மறுக்கக் கூடாது. கடைசி வரை வீட்டில்தான் என்பவர்களுக்கு என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் திறந்தநிலை அடிப்படைக் கல்வி இருக்கிறது. அதன் ஏ, பி, சி நிலைகள் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்குச் சமம். மாநில அரசின் எட்டாம் வகுப்புத் தேர்வைப் பன்னிரண்டரை வயதுக்கு மேல் தனித்தேர்வராகவும் எழுதலாம். யாரும் எடுத்துச் சொல்லாத இழப்பு ஒன்றும் உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் பள்ளியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்குப் பள்ளி தரும் சான்று வேண்டும். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. மகளுக்கு இரண்டு வருடச் சான்று இல்லாமல் போனதை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

வேனில் டவுன் பள்ளி

மகனை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம். வருடத்துக்கு 26,000 ரூபாய் கட்டணம், வேனுக்கு மாதம் 1,800. பணத்தைக் கூடப் புரட்டிவிட்டோம். பாதையைத்தான் சமாளிக்க முடியவில்லை. நாலரை வயதுப் பிள்ளை ஆறு மணிக்கு எழுந்து, ஏழு பத்துக்கு மெயின் ரோட்டில் நிற்க வேண்டும். வேன் நாலு ஊர் சுற்றிப் போய்ச் சேரும். வளைவுக்கு வளைவு வாந்தி. பையில் ஒரு எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் கவரும் எப்போதும் இருக்கும். சாயங்காலம் வேனிலேயே தூங்கிவிடுவான், தோளில் போட்டுக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் நடப்பேன். கலெக்டர் மழை விடுமுறை விட்ட நாட்களுக்கும் சேர்த்துத்தான் வேன் காசு.

அவன் இங்கிலீஷ் ரைம்ஸ் அழகாகச் சொன்னான் என்பதும் உண்மை. வகுப்பில் முப்பது கூட்டாளிகள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வீடெல்லாம் டவுனில் இருந்ததால் சனி, ஞாயிறு தனியாகத்தான் இருந்தான். பணம் என்று பார்த்தால் ஆண்டு விழா டிரஸ், சார்ட் பேப்பர், ஹோம் வொர்க் சொல்லித்தர டியூஷன் என்று தனிக்கணக்கு ஓடும். தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் இருக்கிறதே என்பார்கள். அதற்குப் பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். டவுனுக்குள் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி, கண்டிப்பாக விண்ணப்பியுங்கள். தோட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு எட்டாது.

டவுனிலேயே வீடு, அம்மா அப்பா இருவருக்கும் வேலை, பள்ளி பத்து நிமிட நடை என்றால் இதுதான் நல்ல வழி. நான் குறை சொல்வது பள்ளியை அல்ல, அந்த வயதில் ஒன்றேகால் மணி நேரம் மலை ரோட்டில் போவதை. பதினொரு வயதில் அதே பாதை அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

நடந்து போகிற ஊர்ப் பள்ளி

2023 ஜூனில் மகளை மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். வீட்டிலிருந்து 900 மீட்டர். மொத்தப் பள்ளியிலும் பத்தொன்பது பிள்ளைகள், இரண்டு டீச்சர்.

மூன்று வருடம் நான் மறைத்து வைத்திருந்தது போலிருந்த அவளுடைய பலமும் பலவீனமும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். தமிழில் என் மகள் மலர். ஆனால் சேர்ந்தாற்போல அரைமணி நேரம் உட்கார்ந்து எழுத வராது. டீச்சர் இன்னொரு பிள்ளையிடம் கேள்வி கேட்டால் இவள் பதில் சொல்லிவிடுவாள். அடுத்தவர் முறை வரும் வரை காத்திருப்பது என்பதை ஒரே பிள்ளைக்கு ஒரே ஆளாக உட்கார்ந்து நான் எப்படிச் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? தீபாவளிக்குள் கற்றுக்கொண்டாள்.

பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை. புத்தகம், சீருடை, மதிய உணவு எல்லாம் பள்ளியில். மலைப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு எல்லாம் அரசு தருகிறது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவும் வந்தது. கணவர் விடியலில் போய்விடும் வீட்டில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத்தான் தெரியும். வீட்டில் கிச்சடியைத் தொடாதவள் அங்கே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு டீச்சரில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் ஐந்து வகுப்புக்கும் ஒருவர்தான். கீழிருந்து பஸ் ஏறி வருபவர்கள் என்பதால் ரோட்டில் மரம் விழுந்தால் பள்ளி தாமதம். இங்கிலீஷ் பலவீனம், அதை வீட்டில்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அதோடு, 900 மீட்டர்தானே என்று பிள்ளைகளைத் தனியாக விட முடியாது. பனி விலகாத காலையில் தேயிலைக்குள் கரடி நிற்கும். எங்கள் பக்கத்து நாலு வீட்டுக்காரர்கள் முறை போட்டுக் கூட்டிப் போகிறோம். என் முறை செவ்வாயும் வெள்ளியும். ஆளே இல்லாத வீட்டுக்கு இதுவும் ஒரு செலவுதான்.

மொழி விஷயத்தில் எதிர்பாராத லாபம் கிடைத்தது. அந்தப் பத்தொன்பது பேரில் வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசுகிறவர்கள் உண்டு, தமிழ் பேசுகிறவர்கள் உண்டு, எஸ்டேட் வேலைக்கு ஜார்கண்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. மகளுக்கு இப்போது மூன்று மொழியில் சண்டை போடத் தெரியும், சமாதானம் பேசவும் தெரியும்.

இன்னொன்று, இது நம் வீட்டுக் கணக்கில் வராது, ஊர்க் கணக்கில் வரும். சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு டீச்சர். ஆனால் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும் பள்ளிக்கு எத்தனை வருடம் உயிர் இருக்கும்? பத்தொன்பதில் இரண்டு குறைந்தால் அது பெரிய குறைவு. வேனுக்கும் வழி இல்லாமல், வீட்டில் சொல்லித்தர ஆளும் இல்லாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு கட்டடம்தான் இருக்கிறது. என் பிள்ளையை எடுத்து வைத்துக்கொண்ட மூன்று வருடத்தில் இதை ஒருமுறைகூட நான் நினைத்துப் பார்க்கவில்லை.

நாலு வீடு சேர்ந்து

வீட்டுக்கல்வியிலேயே நாலைந்து குடும்பம் சேர்ந்து ஆளுக்கொரு நாள் எடுப்பது என்று ஒரு வழி உண்டு. கூட்டாளிப் பிரச்சினையும் அம்மாவின் களைப்பும் பெருமளவு தீரும். நாங்கள் முயற்சி செய்தது மூன்று மாதம் ஓடியது. ஒரு குடும்பம் திருப்பூருக்குக் குடிபெயர்ந்ததும் நின்றுவிட்டது. நடந்து போகிற தூரத்தில், நாலு வருடமாவது ஊரை விட்டு நகராத குடும்பங்கள் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் என்றதும் போர்டிங் பள்ளிதான் ஞாபகம் வரும். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-லிருந்தே இருக்கிறது. சின்னப் பிள்ளையை விடுதியில் விடும் எண்ணம் எங்களுக்கு இருந்ததில்லை, அதனால் அதற்குள் போகவில்லை.

ஒரு நாளும் ஒரு மாதமும்: எங்கள் வீட்டுக் கணக்கு

| | வீட்டில் | டவுன் வேன் | ஊர்ப் பள்ளி |
|---|---|---|---|
| பிள்ளை எழும் நேரம் | 7.30 | 6.00 | 7.00 |
| பாதையில், ஒரு நாளைக்கு | இல்லை | இரண்டரை மணி நேரம் | அரைமணி நேரம் |
| கையிலிருந்து போகும் பணம், மாதம் | 300 ரூபாய் அளவு | 4,000 ரூபாய்க்கு மேல் | 100 ரூபாய்க்குள் |
| வராமல் போன வருமானம், மாதம் | 9,000 ரூபாய் | இல்லை | இல்லை |
| மழை நாளில் | பாடம் நடக்கும், பொறுமை போகும் | விடுமுறை, காசு உண்டு | விடுமுறை |
| நாலு மணிக்குக் கூட்டாளி | தம்பி மட்டும் | வேன் இருக்கை வரை | ஆறேழு பேர் |

எந்த வீட்டுக்கு எது

பகலில் மனசாரப் பிள்ளையோடு உட்கார ஒரு பெரியவர் இருந்து, அவர் வருமானம் இல்லாமலும் வீடு ஓடி, நடக்கிற தூரத்தில் வேறு பிள்ளைகளும் இருந்தால், ஏழு வயது வரை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கலாம். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பிள்ளை, கூட்டத்தைப் பார்த்தால் நடுங்கும் பிள்ளை, பள்ளியில் மனசு உடைந்து வந்த பிள்ளை என்றால் இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கூட ஒரு வருடம் வீட்டில் வைத்திருப்பது நல்லது. என் மகனுக்கு அந்த வீட்டு வருடம் அப்படித்தான் அமைந்தது. வாந்தியும் அழுகையும் நின்று, சாப்பாடு பிடித்து, போன வருடம் ஜூனில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் வகுப்புக்குத் தானாக நடந்தான். டவுனில் குடியிருந்து, பத்து நிமிடத்தில் பள்ளி என்றால் எது பிடிக்கிறதோ அங்கே சேருங்கள். மற்றபடி, நடக்கிற தூரத்தில் ஓரளவு அக்கறையுள்ள டீச்சர் இருக்கும் ஊர்ப் பள்ளி இருந்தால் எட்டு வயது வரை என் ஓட்டு அதற்குத்தான். வீட்டில் சொல்லித் தருவதை அதற்காக நிறுத்த வேண்டாம். பள்ளி முடிந்த பிறகும் பொழுது நிறையவே இருக்கிறது.

முடிவு எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சேர்க்கை நாளில் போகாமல், ஒரு சாதாரண புதன்கிழமை பதினொரு மணிக்கு அந்தப் பள்ளி வாசலில் போய் நில்லுங்கள். டீச்சர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா, பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

இலை எடை போடும் இடத்தில் கேட்ட அந்தப் பெண்ணோடு நானும் போன புதன்கிழமை போயிருந்தேன். வாசலில் நின்ற அவள் மகனை உள்ளேயிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்து, "நீ பம்பரம் விடுவியா?" என்று கேட்டான். அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான், அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். பிள்ளைகளைக் கூட்டிப் போகும் எங்கள் முறையில் வியாழக்கிழமையை அவள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.